முதலில் கூப்பிட்டது யார்?

காயம்பட்ட இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும் என்பது பழைய செய்தி. வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளைக் கொல்ல அதை உண்டாக்குகின்றன என்று படித்திருக்கிறோம். 2009-ல் 'நேச்சர்' இதழில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் பிலிப் நீதாமர், திமோதி மிட்சிசன் குழுவினர் எழுதிய கட்டுரையைப் படித்தால் வரிசை மாறிவிடுகிறது.

ஜீப்ரா மீன் குஞ்சு. கருவுற்று மூன்று நாள். உடம்பு கண்ணாடி மாதிரி. வால் துடுப்பின் நுனியை வெட்டுகிறார்கள். சுமார் 3 நிமிடத்தில் வெட்டுவாயில் பெராக்சைடு ஏறத் தொடங்குகிறது, 20 நிமிடத்தில் உச்சம். விளிம்பில் அடர்த்தி, உள்ளே போகப் போக நீர்த்து, 100-200 மைக்ரோமீட்டர் வரை. ஏறத் தொடங்கும்போது வெள்ளையணுக்கள் வந்துசேரவே இல்லை! சுரப்பது தோலின் செல்களே, டியூஆக்ஸ் என்ற நொதியால். அந்த நொதியை முடக்கினால் வெள்ளையணுக்களின் வரவும் குறைகிறது. ஆக, அது ஆயுதம் மட்டுமல்ல, அழைப்பும்கூட.

இதைக் காட்டிக்கொடுத்தது ஹைப்பர். 2006-ல் மாஸ்கோவில் உருவான உணரி. ஈ.கோலை பாக்டீரியா பெராக்சைடை உணர வைத்திருக்கும் ஆக்ஸி-ஆர் புரதத்துக்குள் மஞ்சளாக ஒளிரும் புரதம் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். பெராக்சைடு பட்டதும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொள்ள, புரதத்தின் வடிவம் நெளிகிறது. அதன்பின் 500 நானோமீட்டர் ஒளியில் தூண்டினால் கூடுதலாக ஒளிரும், 420-ல் தூண்டினால் குறைவாக. இரண்டையும் வகுத்துப் பார்ப்பதால், ஒரு செல்லில் உணரி அதிகம், இன்னொன்றில் குறைவு என்ற வேறுபாடு கணக்கைக் கெடுக்காது.

ஒரு எச்சரிக்கை. ஹைப்பர் அமில-காரத் தன்மைக்கும் அசைந்துகொடுக்கும். அழற்சி கண்ட திசுவோ அமிலமாகக்கூடியது. அப்படியானால் தெரிவது பெராக்சைடா, அமில மாற்றமா? இதற்காகவே ஒரு சிஸ்டைனை மாற்றி, பெராக்சைடை உணராத, அமில-காரத் தன்மைக்கு மட்டும் அசையும் சைஃபர் என்ற இணையைச் செய்தார்கள். அதையும் அதே சோதனையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டிப் பார்க்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

2011: அழைப்பைக் கேட்கும் காது எது என்பதும் தெரிந்தது. நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்குள் இருக்கும் லின் என்ற நொதி. அதன் ஒரு சிஸ்டைன். அன்னா ஹட்டன்லாக்கர் குழுவின் வேலை. இதுவும் ஜீப்ரா மீனில்தான்.

மருத்துவமனையில் அழற்சியை அறிய ரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பார்க்கிறோம். உடம்பில் எங்கோ அழற்சி என்று சொல்லும். எந்த இடம், எந்த நிமிடம் என்று சொல்லாது. ஹைப்பர் போன்ற உணரி அதைச் சொல்கிறது. ஆனால் அதன் மரபணுவைச் செல்லுக்குள் ஏற்ற வேண்டும். ஆகவே நோயாளிக்கு உதவும் சோதனை அல்ல, ஆய்வுக்கூடத்தின் கண்.

நான் பார்க்க ஆசைப்படுவது இந்தத் தொடரை: உடைந்த செல்லிலிருந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு சிந்துகிறது, அது பக்கத்துச் செல்களில் கால்சியத்தை உயர்த்துகிறது, டியூஆக்ஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். பெய்ஜிங்கில் யூலோங் லீ குழு செய்த ஏ.டி.பி. உணரி பச்சையாக ஒளிரும். பெராக்சைடுக்குச் சிவப்பு உணரி 2014-லேயே வந்துவிட்டது. இரண்டையும் ஒரே வாலில் ஏற்றி, வெட்டிய முதல் சில நிமிடங்களை நொடி நொடியாகப் படம்பிடிக்க வேண்டும்.