மறைவெப்பம்

மகளுக்கு இங்கே ஒஸ்லோவில் குளிரல் வளையி படிப்பிக்கிறார்கள். உருகிய ஸ்ரியரிக் அமிலத்தை ஆறவிட்டு வெப்பநிலையைக் குறித்தால், 70 பாகைக்குக் கிட்டவாகக் கோடு கிடையாகப் படுத்துவிடும். "வெளியில குளிர்தானே, ஏனப்பா இறங்கேல்லை?" என்றாள். உறையேக்கை மறைவெப்பம் வெளியில வந்து இழப்பை ஈடுகட்டுது என்றேன்.

நான் இதைப் படித்தது 1992 இல், யாழ்ப்பாணத்தில். பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஆசிரியர் கரும்பலகையில் வளையியைக் கீறிக் காட்டியதோடு சரி. பரிசோதனை எங்கள் குசினியில்தான் நடந்தது. குடிதண்ணியை அம்மா கொதிக்கவைத்துத்தான் தருவா. கொதித்த தண்ணி 100 பாகையைத் தாண்டாது, பிறகு தள்ளுற விறகெல்லாம் ஆவிக்குத்தான் போகுது என்று சொன்னேன். "உதைச் சொல்லித்தரவோ பள்ளிக்கூடம்?" என்றா. ஆனாலும் அன்றிலிருந்து கொதி வந்ததும் கொள்ளியை இழுத்து நூர்த்துவிடுவா.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணியை 0 பாகையிலிருந்து 100 வரை சூடாக்க ஏறத்தாழ 420 கிலோயூல் போதும். அதை முழுக்க ஆவியாக்க 2260 வேண்டும்.

உணவகங்களில் கோப்பை கழுவும் எங்கட பொடியளுக்கும் இது தெரிந்திருக்கவேணும். நீராவி தோலில் பட்டுத் தண்ணியாகும்போது அந்த வெப்பத்தை அங்கேயே இறக்கும். கொதிதண்ணியை விடப் பொல்லாத சூடு. இயந்திரத்தின் மூடியைத் திறக்கேக்கை முகத்தை விலத்திப் பிடியுங்கோ.