சீனாய் மலைப் பாதையில் ஒரு சிறு விளக்கு

மலைப் பயணத்திற்குப் புறப்படுவோர் காலணியைப் பற்றி நெடுநேரம் யோசிப்பர். கம்பளி உடையைப் பற்றி நாலு பேரிடம் கேட்பர். விளக்கைப் பற்றி மட்டும் கடைசி நாளன்றுதான் நினைப்பர். அன்று கடையில் எது பளிச்சென்று எரிகிறதோ அதை வாங்கிப் பைக்குள் போட்டுவிடுவர். நானும் அவ்வாறு செய்தவனே. அதனால் நேர்ந்ததை வாசக அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2019 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், எங்கள் பங்கு மக்களோடு திருநாட்டு யாத்திரை சென்றபோது, எகிப்து நாட்டிலுள்ள சீனாய் மலையில் ஏறினோம். மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற இடமென மரபு போற்றும் இம்மலையின் உயரம் 2,285 மீட்டர். இதன் அடிவாரத்தில், ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் எழுப்பிய புனித கத்தரீனம்மாள் மடம் இருக்கின்றது. மலை உச்சியில் சூரிய உதயத்தைக் காண விரும்புவோர் நள்ளிரவு கடந்ததும் நடக்கத் தொடங்குகின்றனர். ஏறுவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். துறவியர் அமைத்த 3,750 படிகள் ஒரு வழி. வளைந்து வளைந்து ஏறும் ஒட்டகப் பாதை மற்றொரு வழி. எவ்வழி சென்றாலும் கடைசி 750 கற்படிகளைக் காலால்தான் கடக்க வேண்டும்.

என் கையில் புத்தம் புதிய டார்ச் விளக்கு ஒன்று இருந்தது. ஆயிரம் லூமன் ஒளி தரும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தது. குழுவுக்கே இவ்வொன்று போதும் என்ற பெருமிதத்தோடு முன்னே நடந்தேன். பையிலிருந்து எடுத்தபோது அது சுட்டது, நான் பொருட்படுத்தவில்லை.

ஒட்டகப் பாதையின் ஒரு வளைவில், பின்தங்கியவர்களை அழைப்பதற்காக விளக்கோடு சட்டெனத் திரும்பினேன். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த 68 வயது அம்மா ஒருவரின் கண்களில் அந்த ஒளி நேராகப் பாய்ந்தது. “ஐயோ சாமி, கண்ணு தெரியலையே!” என்றவர் பாதையின் விளிம்பில் கால் வைத்துவிட்டார். அருகில் ஒட்டகத்தை நடத்தி வந்த பெதுவின் இளைஞர் அவர் கையை எட்டிப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே இன்றும் அஞ்சுகிறேன். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

இருளுக்கு நம் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகின்றன. அப்பழக்கத்தை ஒரு பேரொளி நொடியில் அழித்துவிடும். அந்த இளைஞரிடம் விளக்கே இல்லை. விண்மீன் ஒளியே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

கடைசிப் படிகள் தொடங்கிய இடத்தில் என் விளக்கு அணைந்தது. பேருந்தில் வரும்போதே பைக்குள் பொத்தான் அழுந்தி, அது வீணாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கடுங்குளிரும் அதன் பாட்டரியைத் தளர்த்திவிட்டது. அந்த அம்மாவோ தம் நெற்றியில் கட்டியிருந்த சிறு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டு, “என் பின்னாடியே வாங்க சாமி” என்றார். முந்தானையில் மாற்றுக் கட்டைகளையும் முடிந்து வைத்திருந்தார். அவை என் விளக்குக்குப் பொருந்தவில்லை. இரவில் கடலுக்குப் போகும் அவருடைய பேரன் வாங்கிக் கொடுத்த விளக்காம் அது. இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுவிடும் விளக்கின் அருமை மீனவருக்குத் தெரியாதா? வழிகாட்ட வந்த நான் அவர் அடிபற்றி உச்சியை அடைந்தேன்.

ஊர் திரும்பியபின் இதுபற்றித் தேடிப் படித்தேன். இவ்விளக்குகளுக்கு உயிராயிருப்பது எல்.இ.டி. என்னும் சிறு சில்லு. நீல ஒளி உமிழும் சில்லைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சைச் சேர்த்தே வெண்ணிற ஒளியைப் பெறுகின்றனர். பழைய இழை பல்பைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. ஆயினும் சிறு விளக்கில் பேரொளி வேண்டுமென்றால் சூடு மிகும். பாட்டரியும் விரைவில் தீரும்.

எனவே மலையேறவும் கூடாரத்தில் தங்கவும் செல்லும் பிள்ளைகளுக்கு விளக்கு வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பாதையில் நடக்க 50 முதல் 100 லூமன் போதும். கூடாரத்துக்குள் ஐந்து பத்து லூமனே தாராளம். ஆகவே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். சிவப்பு ஒளியும் இருந்தால் கண்ணின் இருட்பழக்கம் அவ்வளவாகக் கெடாது. பெட்டியில் அச்சிட்டுள்ள மணிக்கணக்கை அப்படியே நம்பலாகாது. எஃப்.எல்.1 என்னும் அளவுமுறைப்படி, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரமே அது; அவ்வளவு நேரமும் ஒரே சீராக எரியும் என்று பொருளன்று. ஐ.பி.எக்ஸ்.4 என்னும் குறியிருந்தால் மழைத் தூறலைத் தாங்கும்.

கைவிளக்கைவிட நெற்றி விளக்கே மேல். நூறு கிராமுக்கும் குறைவான எடையில் நல்லவை கிடைக்கின்றன. குழுவினர் அனைவரும் ஒரே வகைக் கட்டைகளைப் பயன்படுத்தினால் ஒருவருக்கொருவர் உதவலாம். குளிர் மிகுந்த இடங்களில் மாற்றுக் கட்டைகளை உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வைத்திருப்பது நன்று. விமானத்தில் மாற்று லித்தியம் பாட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். பைக்குள் தானே எரியாதபடி பூட்டும் வசதியுள்ளதா என்று பாருங்கள். பல விளக்குகளில் அடிமூடியைச் சற்றே தளர்த்தி வைத்தாலே போதும். எதிரே ஒருவர் வந்தால் ஒளியைத் தரைக்குத் தாழ்த்துங்கள். குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுவே.

உச்சியில் 1934 ஆம் ஆண்டு கட்டிய சிற்றாலயத்தருகே, கம்பளியைப் போர்த்தியபடி விடியலுக்காகக் காத்திருந்தோம். கீழே பாதை நெடுகச் சிறு விளக்குகள் வரிசையாக ஏறி வந்தன. அவற்றுள் ஒன்றும் பெரிதன்று. ஒவ்வொன்றும் தன்னை உடையவரின் அடுத்த அடிக்கு மட்டுமே ஒளி தந்தது. கிழக்கு வெளுத்ததும் அந்த அம்மா விளக்கை அணைத்து, கட்டைகளோடு முந்தானையில் முடிந்துகொண்டார். இப்பொழுது என் பயணப் பையிலும் அதே வகை விளக்கொன்று இருக்கின்றது. ஆயிரம் லூமன் விளக்கு என் அறையின் அலமாரியில் ஓய்வெடுக்கிறது.