ஊர் கேட்கும் உறவுகளுக்கு

ரொறன்ரோவில் இரண்டு இலங்கைத் தமிழர் சந்தித்தால் பெயருக்கு முன்னே ஊர் வந்துவிடும். "தம்பி, ஊரில எவடம்?" என்பார்கள். "ஹட்டன் பக்கம், டிக்கோயா" என்று சொன்னால், "அப்ப நீர் இந்தியாக்காரரோ?" என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடக்கத் தொடங்கி இருநூறு ஆண்டாகிவிட்டது. அந்த நினைவாக 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும், அதுவும் நாம் எல்லோருமே வந்தேறிகளாக வாழும் நாட்டில், என்னை வெளியாள் ஆக்க அந்த ஒரு கேள்வி போதும்.

மனத்தாங்கலோடு முடிகிற விஷயம் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். இந்தப் பார்வைக்குத் தமிழர் எல்லோரும் அரசியலில் விலை கொடுத்திருக்கிறோம்.

1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அவருடைய இலங்கை இந்திய காங்கிரஸ் மலையகத்தில் வேறு தொகுதிகளையும் பிடித்தது. அது போட்டியிடாத இடங்களில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. டி.எஸ். சேனநாயக்கா அரசு அதைப் பொறுக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1952இல் இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்றது 1977இல்தான்.

அந்த நேரத்தில் வடக்கின் தலைமை பிளந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்து, தொடர்ந்து வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அதை எதிர்த்து, பொன்னம்பலத்தின் கட்சியிலிருந்து வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று அவர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்று அவர் எச்சரித்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அது பலித்தது. அதற்குள் நாடாளுமன்றத்தில் தமிழரின் பலம் குறைந்துபோயிருந்தது. தோட்ட லயத்தில் வாழ்ந்தவர்களைத் தோட்டக்காட்டான் என்று தள்ளிவைத்த சாதிப் புத்தி இல்லாதிருந்தால், 1948இல் யாழ்ப்பாணத்தின் எதிர்ப்புக் குரல் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1976இல் வட்டுக்கோட்டையில் தமிழ்த் தலைவர்கள் தனிநாடு கேட்டபோது தொண்டமான் விலகிக்கொண்டார். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழும் மக்களுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைத் துரோகம் என்போரை இங்கே சந்தித்திருக்கிறேன். ஆனால் 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிய மலையகத்தவரைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரமும் வடக்கில் நின்று உழைத்தவர்தான். 1983இல் வெலிக்கடைச் சிறையில் அவரைக் கொன்றார்கள். மதித்து வாழ வைத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

வாக்குரிமை மறுப்பு நாம் வாழும் கனடாவிலும் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனருக்கும் தெற்காசியருக்கும் 1947 வரை வாக்கில்லை. அவர்களுக்கு அது கிடைத்த மறு ஆண்டில்தான் எங்கள் குடியுரிமை பறிபோனது. அவர்கள் போராடிப் பெற்ற உரிமையின் மேல் நின்றே 2011இல் தமிழரான ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றம் சென்றார். அன்று ஊர் பார்க்காமல் மகிழ்ந்தோம்.

அந்த மனசு நிலைக்க வேண்டும். ஊர்ச் சங்கங்கள் பாடசாலைக்கும் கோயிலுக்கும் பணம் அனுப்புகின்றன. ஒரு தோட்டப் பாடசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 1956ஐச் சொல்லும்போது 1948ஐயும் சொல்லிக்கொடுங்கள். கலியாணப் பேச்சில் தோட்டம் என்று கேட்டதும் பின்வாங்காதீர்கள். மேடையில் ஒற்றுமை கேட்பவர்கள் முதலில் இதைச் செய்ய வேண்டும். தன்னைச் சமமாக மதிக்காதவரோடு தோள்சேர்ந்து நிற்கும்படி யாரையும் கேட்க நமக்கு உரிமையில்லை.