கண்ணுக்கு விருந்து

"இப்போது என்ன படிக்கிறீர்கள்?" பள்ளிக்கு வரும்போதெல்லாம் சிஸ்டர்கள் எங்களைக் கேட்கும் கேள்வி இது. "விஷுவல் கம்யூனிகேஷன், சிஸ்டர்" என்போம். "அப்படியென்றால்?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் தடுமாறுவோம். படம் வரையும் படிப்பா, விளம்பரம் செய்யும் படிப்பா என்று எங்கள் வீட்டாருக்கே இன்னும் ஐயம் தீரவில்லை.

இப்பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த நாங்கள் இருவரும் இன்று ஒரே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறோம். முதல் ஆண்டில் எங்களை மயக்கியது எழுத்துருப் பாடம். எழுத்துக்கும் குடும்பம் உண்டு, எடை உண்டு, வயது உண்டு என்பதை அங்கேதான் அறிந்தோம். 1957-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஹெல்வெட்டிகா இன்றும் இளமை மாறாமல் உலவுகிறது. பாட்டியின் பழைய செபப் புத்தகத்தில் தும்பிக்கை தூக்கி நிற்கும் 'லை'யோ, 1978-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் நம் பாடநூல்களிலிருந்து விடைபெற்றுவிட்டது.

ரசனையில் நாங்கள் இருவரும் கீரியும் பாம்பும். ஒருத்திக்குச் சிவகாசி நாள்காட்டியின் ரோஜா நிறமும், கோலத்தின் நெளிவும், கொட்டை எழுத்தும் வேண்டும். மற்றவளுக்கோ வெள்ளைத் தாளும், அதன் மூலையில் நூல்போல் மெலிந்த ஒரே ஒரு வரியும் போதும். எங்கள் வாக்குவாதம் விடுதி முழுவதும் பிரசித்தம்!

இந்நிலையில், இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்றுக்குச் சுவரொட்டி தயாரிக்கும் பயிற்சி எங்களுக்கு வந்தது. இம்முறை மெல்லிய வரியே வென்றது. இளமஞ்சள் தாள்; அதில் வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்துக்கள்; கீழே ஓரமாக நாளும் இடமும். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. பெருமை தாங்கவில்லை எங்களுக்கு. அனுமதி பெற்று, நம் பள்ளி வாசலிலும் ஒன்றை ஒட்டினோம்.

முகாம் முடிந்த மறுவாரம் பள்ளிக்கு வந்தோம். மணியடிக்கும் ஆயாம்மாவை அறியாதார் நம்மில் யார்? அருகில் சென்று நின்றோம். அவர் எங்கள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"குரலை வெச்சுத்தான் அடையாளம் தெரியுது கண்ணு. கண்ணுல பொரை விழுந்திருச்சாம்" என்றார்.

"முகாமுக்குப் போகவில்லையா ஆயாம்மா? வாசலிலேயே ஒட்டியிருந்தோமே!"

"அந்த மஞ்சத் தாளா? தெனமும் பாத்தேனே. அதுல எழுத்தா இருந்துச்சு?"

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. ஆயாம்மா எழுத்தறியாதவர் அல்லர். செய்தித்தாளின் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்து நமக்குச் செய்தி சொன்னவர். புரை படர்ந்த கண்ணில் ஒளி சிதறும். வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். யாருக்காக அந்தச் சுவரொட்டியை வரைந்தோமோ, அவர்களுக்கே அது தெரியவில்லை! ஒன்பது மதிப்பெண் அன்று எங்களைச் சுட்டது.

அன்று மாலை, ஒன்பதாம் வகுப்புத் தமிழய்யா சொன்னது நினைவுக்கு வந்தது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். அதனால் குறிலான எகரமும் நெடிலான ஏகாரமும் வேறுபாடு தெரியாமல் நின்றன. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், குறிலும் நெடிலும் பார்த்தவுடன் விளங்கும்படி எழுத்தின் வடிவைத் திருத்தினார். படிப்பவர் படும் பாட்டைப் பார்த்தல்லவா அவர் எழுத்தைத் தொட்டார்! நாங்களோ எங்கள் கண்ணுக்கு மட்டும் விருந்து வைத்தோம்.

இரண்டு மாதங்களில் அடுத்த முகாம் அறிவிக்கப்பட்டது. இம்முறை மதிப்பெண் இல்லை. நாங்களே கேட்டு வாங்கிய வேலை. ஆட்டோவின் எண் பலகையைப் போல அடர்மஞ்சளில் கறுப்பு எழுத்து. "கண் முகாம்" என்பது உள்ளங்கை அகலத்தில். அதன் கீழே நாள், நேரம், இடம், வேறொன்றும் இல்லை. கொட்டை எழுத்து ஒருத்தியின் ஆசை. அதைச் சுற்றி விட்ட வெற்றிடம் மற்றவளின் ஆசை. சண்டையில்லாமல் இரண்டும் ஒரே தாளில் இடம்பிடித்தன.

அச்சுக்கு அனுப்புமுன் மாதிரியை வாசற்கதவில் ஒட்டிவிட்டு, ஆயாம்மாவைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னோம். கண்ணை இடுக்கிக்கொண்டு, "க...ண்... முகாம்... சனி...க்கிழமை..." என்று மெல்லக் கூட்டி வாசித்தார். 'ண்'ணின் மேலுள்ள புள்ளிகூட அவர் கண்ணில் பட்டுவிட்டது! அந்தச் சனிக்கிழமை நாங்களே அவரை அழைத்துச் சென்றோம். இன்று அறுவை சிகிச்சை முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் கழற்றியாகிவிட்டது. "நீ இவ்வளவு கறுத்துட்டியாடி!" என்று எங்களில் ஒருத்தியைக் கேலி செய்யும் அளவுக்குப் பார்வை தெளிந்திருக்கிறது.

அன்புத் தங்கையரே, விளையாட்டு விழாவுக்கோ, பெற்றோர் கூட்டத்திற்கோ நீங்களும் அட்டை எழுதுவீர்கள். பிடித்த வண்ணத்தை எடுங்கள். பிடித்த பூவையும் வரையுங்கள். முடித்ததும், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பாட்டி ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் திணறினால், முகம் சுளிக்காமல் இன்னொரு தாளை எடுங்கள்.

— முன்னாள் மாணவியர் இருவர்