வாய்தாவுக்குப் போகாவிட்டால்…

எங்கள் சேத்தூரில் அடுத்த தெருவில் அஸ்ஸாம் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. புருஷனுக்கு மில் வேலை. அந்தப் பெண் திடுதிப்பென்று கைக்குழந்தையோடு ஊருக்குக் கிளம்பினாள்.

"அம்மாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கு அக்கா. தேதிக்கு நான் கூட இருக்கணும்."

"விவரத்தைத் தபால்ல எழுதிப் போட்டா ஆகாதா?"

"போகலைன்னா, அம்மா இந்த நாட்டுக்காரியே இல்லைன்னு எழுதிருவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொத்து வழக்கில் வாய்தா தவறினால் நிலம் போகும். இங்கே நாடே அல்லவா போகிறது! விசாரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம்தான்.

அங்கே வெளிநாட்டினர் தீர்ப்பாயங்கள் 1964லிருந்தே இருக்கின்றன. 1971 மார்ச் 24க்குப் பிறகு வந்தவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுவது என்று 1985ல் அஸ்ஸாம் ஒப்பந்தம் ஆயிற்று. திருட்டு வழக்கென்றால் போலீஸ்தான் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். இதிலோ, 'நான் இந்த நாட்டுப் பிரஜை' என்று நோட்டீஸ் வாங்கியவரே நிரூபிக்க வேண்டும். அவர் வராவிட்டால் நிரூபிக்க யார் இருக்கிறார்கள்? ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். 1985 முதல் 2019 பிப்ரவரி வரை இப்படி 63,959 பேர் அந்நியராக அறிவிக்கப்பட்டதாக அரசாங்கமே பாராளுமன்றத்தில் சொன்னது. அதன் பிறகு ஓட்டு இல்லை. தடுப்பு முகாமுக்கும் போக நேரலாம். தக்க காரணம் காட்டி 30 நாளுக்குள் மனுப் போட வழி உண்டு. ஆனால் தீர்ப்பான சங்கதியே தெரியாமல் இருப்பவர் எங்கே போய் மனுப் போடுவார்?

நல்பாரி மாவட்டத்தில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் வாய்தாவுக்குப் போகவில்லை. 2012ல் அந்நியர் என்று தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட் வரை போய், 2024 ஜூலையில் 'இந்தியரே' என்று தீர்ப்பு வாங்கினார்கள். பெயரில் ஓரெழுத்து மாறியதையும், தேதி வித்தியாசத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அவரோ அதற்கு இரண்டரை வருஷம் முன்பே காலமாகிவிட்டார்!

பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணமானதும் ஊர் மாறுகிறது. ஆள் இல்லையென்றால் நோட்டீஸைப் பழைய வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடலாம். புகுந்த வீட்டில் அடுப்படியில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? பிரசவ சமயமாக இருந்தால் போகத்தான் முடியுமா?

போனாலும் காகிதம் வேண்டுமே! ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் 'இன்னார் மனைவி' என்றுதான் இருக்கும். கேட்பதோ 'இன்னார் மகள்' என்பதற்கு அத்தாட்சி. பள்ளிக்கூடம் போகாதவளுக்கு சர்டிபிகேட் ஏது? வீட்டில் பிறந்தவளுக்குப் பிறப்புச் சான்று ஏது? இப்படிப்பட்டவர்கள் பஞ்சாயத்துச் செயலரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். குடியுரிமைப் பதிவேட்டு வேலையில் அதையும் சரிபார்த்து ஏற்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தீர்ப்பாயத்தில் அந்தக் காகிதம் மட்டும் போதாது. கையெழுத்துப் போட்ட செயலரும் நேரில் வந்து, நான் கொடுத்ததுதான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அந்த வாய்தாவுக்கு அவரும் வந்தாக வேண்டுமே!