இறுக மூடிய பப்பிள்ஸ் புட்டி

சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரின் அறையில் மருந்து வாடை இருக்காது. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நான் பார்த்த அறையில் ஒரு பாய், முகம் பார்க்கும் கண்ணாடி, கதவு போட்ட அலமாரி, அவ்வளவுதான். அலமாரிக்குள் சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை, சக்கரம் கழன்ற லாரி, பிளாஸ்டிக் காய்கறி, பப்பிள்ஸ் புட்டிகள். ஒவ்வொன்றும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவில். மூடிகளோ, பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு திருக வேண்டிய அளவுக்கு இறுக்கம்.

பயிற்சியாளர் முப்பதைத் தாண்டிய பெண். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஊர். வருகிற எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'.

"பப்பிள்ஸ் ஊதினா வாய்க்குப் பலம், சீக்கிரம் பேசிரும்னு சொல்லி வீட்டுல தெனமும் ஊத விடுதாங்க. ஊதுறதுக்கும் பேச்சுக்கும் அப்படி ஒண்ணும் பெரிய சம்பந்தம் இல்ல சார். இதத் தெறந்து தாங்கன்னு பிள்ள நம்மகிட்ட வரணும். அதுக்குத்தான் மூடிய இறுக்கி வச்சிருக்கேன்" என்றார்.

முதலில் வந்தவன் தோவாளைக்காரன். மூன்று வயது நிறைய இன்னும் சில மாதம் இருந்தது. கூடவே அம்மாவும் ஆச்சியும். பையன் நேரே அலமாரிக்கு ஓடித் தவளை டப்பாவை எடுத்தான். திருகினான், கடித்தான், தரையில் அடித்தான். பிறகு டீச்சரின் கையைப் பிடித்து டப்பாமேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கை அவனுக்கு ஒரு கருவி மட்டும். அவர் அசையாமல் இருந்தார். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"எடுத்துக் குடு டீச்சரே, பிள்ள ஏங்குகான்லா!"

"ஒரு நிமிசம் ஆச்சி. அவனே கேப்பான்."

அந்த ஒரு நிமிடம் நீளமானது. அறையில் இருந்த எல்லாப் பெரியவர்களுக்கும் கை பரபரத்தது, எனக்கும்தான். பையன் அழத் தொடங்கினான், நிறுத்தினான், டப்பாவைப் பார்த்தான், கடைசியில் டீச்சரின் முகத்தைப் பார்த்தான். உடனே அவர் "தா" என்றார். "த்... த" என்று ஏதோ ஒன்று அவன் வாயிலிருந்தும் வந்தது. மூடி திறந்தது. தவளை ஒரு குதி குதித்ததும் மறுபடியும் டப்பாவுக்குள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காத்திருந்தார்.

இந்தத் தொழிலின் பாதிக் கைத்திறன் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மீதிப் பாதி ஆச்சியிடம். வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு முக்கால் மணி நேரம் வருகிற பிள்ளையை டீச்சர் பேசவைத்துவிட முடியாது. அவர் பயிற்சி தருவது உண்மையில் வீட்டாருக்கு. அன்றைக்குக் கடைசிப் பத்து நிமிடமும் பையனை விட்டுவிட்டு ஆச்சியோடுதான் பேசினார். ஆச்சி வீட்டில் பூக் கட்டுகிறவர். கட்டும்போது பிச்சியையும் அரளியையும் கேந்தியையும் தனித்தனிக் கிண்ணத்தில், பிள்ளைக்குக் கண்ணில் படும் ஆனால் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அவன் கை காட்டினால் உடனே கொடுக்கக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அவன் "பூ" என்றால் ஆச்சி "மஞ்சப் பூவா? இந்தா மஞ்சப் பூ" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்ல வேண்டும். 'சொல்லு, சொல்லு' என்று நெருக்கக் கூடாது. வீட்டுப்பாடம் அவ்வளவே. தோவாளையில் பூவுக்குப் பஞ்சமா?

படம் போட்ட அட்டைகளைப் பற்றிக் கேட்டேன். கடையில் விற்கும் அட்டைகளில் பனிவீடும் சைலஃபோனும்தான் இருக்கின்றன, அவற்றை வைத்துக்கொண்டு நம் பிள்ளை யாரிடம் என்ன கேட்கும் என்று சிரித்தார். அவரே கைபேசியில் எடுத்து அச்சிட்ட படங்கள் ஒரு கட்டு இருந்தது: மரச்சீனி, சக்கை, மட்டிப்பழம், வள்ளம், அகப்பை, அரசுப் பேருந்து. பிள்ளைக்கு எது வேண்டுமோ அதுதான் முதல் சொல்லாக வரும் என்பது அவர் கணக்கு.

அடுத்தவள் குளச்சலுக்கு அப்பால் கடற்கரைக் கிராமத்துப் பெண் குழந்தை. பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை அது. காதின் உட்புறம் நத்தைக்கூடு போலிருக்கும் பகுதியில் மின்முனைகளை வைத்து, வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கருவி வழியாக ஒலியை நரம்புக்கு அனுப்புகிறார்கள். அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். குழந்தை கேட்கத் தொடங்குவது அன்றைக்குத்தான். நான்கு வயதுப் பிள்ளை என்றாலும் கேட்பதில் அவளுக்கு இப்போதுதான் ஒன்றரை வயது. 'மெஷின் வச்சாச்சு, இனி பேசிரும்' என்று ஊர் நினைக்கிறது. மெஷின் ஒலியைத்தான் தரும். அது நாய்க்குரலா, குக்கர் விசிலா, அம்மா கூப்பிடுகிறாளா என்று மூளை ஒவ்வொன்றாகப் படித்தாக வேண்டும்.

டீச்சர் அவளுக்கு எதிரில் உட்காரவில்லை. கருவி இருக்கும் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார், உதட்டைப் பார்த்து ஊகிக்க வழியில்லாமல். "ஆ" என்றார். குழந்தை ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போட்டாள். "ஈ", ஒரு பாசி. "ஊ", "ம்", "ஷ்", "ஸ்". கடைசி ஒலிக்குப் பாசி விழவில்லை. டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இது. தாழ்ந்த சுருதியில் இருந்து உயர்ந்த சுருதி வரை மனிதப் பேச்சு பரவிக் கிடக்கும் எல்லை முழுவதையும் இந்த ஆறு ஒலிகளும் தொட்டுவிடும். நேற்றுவரை கேட்ட "ஸ்" இன்றைக்குக் கேட்கவில்லை என்றால் கருவியில்தான் ஏதோ கோளாறு. அம்மாவிடம் "ராத்திரி டப்பால போட்டியளா?" என்று கேட்டார். ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பா அது. வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் இந்தக் கருவிகளுக்கு எமன். போட மறந்துவிட்டதாகச் சொன்ன அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்து மாற்றுக் கம்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பாசி விழுந்தது.

மூன்றாவது வீட்டுக் கதையில் எனக்குக் கோபம்தான் வந்தது. கேரள எல்லையை ஒட்டிய ஊர். அம்மா வீட்டில் மலையாளம், அப்பா வீட்டில் தமிழ். பிள்ளை பேசத் தாமதமானதும் ஒரு ஆங்கிலப் பள்ளியில், 'ரெண்டு பாஷை கேட்டுக் குழம்புகிறான், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. விளைவு, அவர் பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்ட செய்தி. எல்லையோர விளவங்கோட்டில் தலைமுறை தலைமுறையாக இரண்டையும் கேட்டுத்தானே பிள்ளைகள் வளர்ந்திருக்கின்றன? டீச்சர் அந்த அம்மாவிடம் சொன்னது ஒன்றே: "உங்களுக்கு வாயில என்ன வருதோ அதப் பேசுங்கம்மா. கொஞ்சுறதும் ஏசுறதும் அதுலயே இருக்கட்டும்."

நம் ஊரில் பேசாத பிள்ளைக்கு முதலில் கிடைப்பது வசம்பு. பிறகு 'ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்', 'இவன் அப்பனும் மூணு வயசு கழிஞ்சுதான் வாயத் தெறந்தான்'. அப்புறம் மண்டைக்காட்டம்மனுக்கு மண்டையப்பம், கோட்டாறு சவேரியாருக்கு நேர்ச்சை. நேர்ச்சையை நான் குறை சொல்லமாட்டேன். அது தாயின் மனதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்கிடையில் காது சோதனை நடக்காமல் இரண்டு வருடம் ஓடிவிடுவதுதான் கேடு. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது உலக நடைமுறை. குழந்தை தூங்கும்போது சின்னக் குமிழ் ஒன்றைக் காதில் வைத்துச் சில நிமிடத்தில் முடித்துவிடுகிற சோதனை அது.

பயிற்சியில் பலன் தெரியாத பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள சிலர் எவ்வளவு முயன்றாலும் வாயால் பேசப்போவதில்லை. அவர்களுக்குப் படங்களைத் தொட்டால் குரல் வரும் செயலியைக் காட்டுவார்கள். சென்னையைச் சேர்ந்த அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' அப்படி ஒன்று. எம்ஐடியின் தொழில்நுட்ப இதழ் 2011-இல் அவரை இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்த்தது. டேப்லெட்டை வெளியே எடுத்ததும், டீச்சர் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துப் பெற்றோர் அழுதுவிடுவார்களாம். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் ஆதாரமற்றது. கேட்க ஒரு வழி கிடைத்த பிள்ளை அடிப்பதையும் கடிப்பதையும் குறைக்கிறது என்பதை அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். "எப்போ பேசுவான்?" என்ற கேள்விக்கு மட்டும் அவர் தேதி சொல்வதில்லை. தேதி சொல்கிறவர்களை நானும் நம்பமாட்டேன்.

இந்த வேலைக்கு அவர் வந்தது தற்செயல். மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை. வீட்டில் நர்சிங் போ என்றார்கள். குமரியில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டே. மைசூரில் 1965-இல் மத்திய அரசு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. செவியியலும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பு, கடைசி ஒரு வருடப் பயிற்சியோடு நான்கு ஆண்டு. கன்னடப் பிள்ளைகளிடம் பழகக் கன்னடம் படித்துக்கொண்டார். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு இந்தப் படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியிலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனத்திலும் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997 முதல் இயங்கும் 'நிஷ்' என்ற பேச்சு செவி நிறுவனம் இருக்கிறது. நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பிள்ளையைச் சோதிக்கத் திருவனந்தபுரம் ரயில் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சம்பளம் பற்றி அவர் பூசி மெழுகவில்லை. அரசு மையங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. தனியாக நடத்தினால் மழைக்கும் கோயில் கொடைக்கும் பிள்ளைகள் வராத வாரம் வருமானமும் இல்லை. கூடப் படித்த பலர் வளைகுடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். பிறகு ஏன் இங்கே என்றேன். "அங்க போனா நான் வேற பாஷையில 'தா' சொல்லிக் குடுக்கணும்" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக வந்த ஒரு பையன் ஒருநாள் படிக்கட்டில் இருந்தே "டீச்சரே, வந்தாச்சு!" என்று கத்தியதைச் சொன்னபோதுதான் குரல் மாறியது.

பாளையங்கோட்டையில் மிஷனரி ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியது 1897-இல். அந்தக் காலத்தில் பிள்ளையை விடுதியில் விட்டுப் பிரிவதே பெற்றோருக்கு வழி. சென்னை அடையாறில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா என்ற காது கேளாதோர் பள்ளியோ தாயையும் வகுப்பில் உட்கார வைத்தது. வடசேரி மாடியில் ஆச்சியோடு நடந்த அந்தப் பத்து நிமிடம் அதன் தொடர்ச்சிதான்.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம் குமரி. நர்சுகளையும் ஆசிரியர்களையும் உலகத்துக்கே அனுப்புகிறோம். அவர்களில் சிலரையாவது இந்தப் படிப்புக்குத் திருப்பிவிடலாம். பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் இடத்தில் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இல்லாமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழு, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிறது; அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். கட்டணம் கிடையாது. மூன்று வயது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.