கீரிக்கு வேல்ஸில் ஒரு கல்லறை

வேல்ஸ் நாட்டின் வடக்கே, ஸ்னோடன் மலைப்பகுதியில் பெத்கெலர்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆற்றோரப் புல்வெளியில், மரத்தடியில், வேலி போட்டுக் காக்கப்படும் ஒரு நாயின் கல்லறை அங்கே பிரசித்தம். கல்லில் கதையையும் பொறித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் இளவரசர் லெவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறார். அவருடைய நாய் கெலர்ட் வாயெல்லாம் ரத்தத்தோடு எதிரே ஓடிவருகிறது. உள்ளே தொட்டில் கலைந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம். வாளை உருவி நாயைக் குத்திவிடுகிறார். பிறகுதான் குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. பக்கத்திலேயே கெலர்ட் கொன்றுபோட்ட ஓநாய்.

அங்கே போய்வந்த நண்பர் ஒருவர் இந்தக் கல்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். படித்து முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாம்பைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றியும் சந்தேகத்தால் கொல்லப்பட்ட நம் கதையின் கீரிப்பிள்ளை எப்போது நாயாக மாறி வேல்ஸுக்குக் குடிபோனது? அந்தக் கேள்விதான் என்னை நூலகத்தில் உட்கார வைத்தது.

முதல் முடிச்சு சுலபமாக அவிழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊருக்கு டேவிட் பிரிட்சார்ட் என்ற விடுதிக்காரர் வந்து சேர்ந்தார். கல்லறை அவர் காலத்தில் எழுப்பப்பட்டது. மலை பார்க்க வரும் பயணிகள் ஊரில் ஓரிரவு தங்கிப்போக ஏதாவது காரணம் வேண்டுமே! ஊர்ப் பெயர் உண்மையில் நாயிடமிருந்து அல்ல, கெலர்ட் என்ற பழைய துறவியிடமிருந்து வந்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 1800இல் வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் இந்த நாயின் கதையைக் கவிதையாக எழுதினார். வியன்னாவில் இருந்த ஹெய்டன் அதற்கு இசைகூட அமைத்தார். விடுதிக்காரரின் சரக்கு வியன்னா வரை விலைபோயிருக்கிறது.

ஆனால் அவரை மோசடிக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல் வெளியிட்ட கெல்டிக் கதைத் தொகுப்பில் இந்தத் தடத்தை விரிவாகத் துருவியிருக்கிறார். நாயைக் கொன்றவன் வருந்தியதுபோல வருந்துகிறேன் என்ற பொருளில் வேல்ஸ் மொழியில் ஒரு பழமொழி முன்பே வழங்கியதாக அதில் படித்தேன். அப்படியானால் கதை அந்த மண்ணில் ஊர்பேர் இல்லாமல் அலைந்துகொண்டிருந்திருக்கிறது. பிரிட்சார்ட் அதற்கு ஒரு விலாசம் கொடுத்தார், அவ்வளவுதான்.

விலாசம் கிடைத்த கதை என்ன பாடுபடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி பிரான்சில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில், லியோன் நகருக்கு வடக்கே தோம்ப் பகுதியில், எத்தியேன் தெ பூர்போன் என்ற டொமினிக்கன் சபைத் துறவி பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் பலரும், பிள்ளைகளைப் புனித கினெஃபோரிடம் கொண்டுபோனோம் என்கிறார்கள். யாரோ புனிதர் என்று நினைத்து விசாரித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கினெஃபோர் ஒரு வேட்டை நாய்! பிரபு வீட்டுக் குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றி, எசமானனின் வாளால் செத்த நாய். அதைக் கிணற்றில் போட்டுக் கல்லால் மூடி, சுற்றிலும் மரம் நட்டார்களாம். பிறகு பிரபுவின் கோட்டை பாழானது, மரங்கள் தோப்பாயின, தோப்பு கோயிலானது.

நோஞ்சான் பிள்ளைகளைத் தாய்மார்கள் அங்கே தூக்கிக்கொண்டு போவார்கள். உப்பு படைப்பார்கள். பிள்ளையின் துணியைப் புதர்களில் தொங்கவிடுவார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே பிள்ளையை ஒன்பது தடவை கைமாற்றுவார்கள். கோயில் மரத்தில் பிள்ளைவரத்துக்குத் தொட்டில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. துறவிக்கோ கோபம் தலைக்கேறியது. நாயின் எலும்பைத் தோண்டி எரிக்கவைத்தார், தோப்பை வெட்டச் சொன்னார். பயனில்லை. 1870களில்கூட அந்தக் காட்டுக்கு மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வரலாற்றாசிரியர் ழான்-கிளோத் ஷ்மித் 1979இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த புத்தகங்களிலேயே அதுதான் ருசியானது.

கீரியிலிருந்து நாய்க்கு வந்த வழியைப் புத்தகங்களை வைத்துக் கோத்துவிடலாம். பஞ்சதந்திரத்தின் கடைசிப் பகுதியில், தண்ணீர் எடுத்துவிட்டு வரும் பார்ப்பனி குடத்தைக் கீரியின் மேல் போட்டுக் கொல்கிறாள். 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வானின் அவை மருத்துவர் புர்சோய் இந்தக் கதைகளைப் பாரசீகத்தின் பழைய வடிவமான பகலவியில் ஆக்கினார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியில் ‘கலீலா வ திம்னா’வாக எழுதினார். அங்கே கீரியின் இடத்தில் மரநாய்க்கு ஒப்பான சிறு பிராணி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கொல்பவரும் தாயல்ல, தகப்பன். அரபியிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டில் கபுவா நகர ஜான் செய்த லத்தீன். லத்தீனில் அது நாய். தியோடர் பென்ஃபை 1859இல் பஞ்சதந்திரத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது, ஐரோப்பியக் கதைகள் பலவும் இப்படி இந்தியாவிலிருந்து வந்தவையே என்று வாதிட்டார்.

அழகான சங்கிலிதான். ஆனால் தோம்பின் உழவர் பெண்கள் லத்தீன் படித்தவர்களா? புத்தகம் போன பாதை நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் புத்தகம் தேதி போட்டுக்கொண்டு போகிறது. வாய் போன பாதைக்கு அந்த வசதி இல்லை. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ, இதே கீரிக் கதை அண்மையில் நடந்த சம்பவமாகவே சொல்லப்பட்டதைப் பற்றி 1940இல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் பக்கத்திலும் இதைப் பக்கத்து ஊரில் நடந்ததாகத்தான் சொல்வார்கள்.

பண்பாட்டில் ஒன்றைப் பார்த்து இன்னொன்று பரவுவதை 1890இல் சமூகவியலாளர் கப்ரியேல் தார்த் போலச்செய்தலின் விதிகளாக எழுதினார். 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அப்படிப் பரவுவதை மரபணுவோடு ஒப்பிட்டு மீம் என்று பெயர் வைத்தார். எனக்கு அந்த ஒப்பீடு முழுதாக ஒட்டவில்லை. இங்கே யாரும் எதையும் ஒழுங்காகப் பிரதியெடுக்கவில்லையே. பிராணி மாறுகிறது, பகை மாறுகிறது, கொலைகாரர் மாறுகிறார், ஆயுதம் மாறுகிறது. மாறாதது ஒன்றுதான்: வாயில் ரத்தத்தோடு, நல்லது செய்துவிட்ட பெருமையோடு எதிரே ஓடிவரும் பிராணி. அந்த ஒரு கணம் மட்டும் கைவசம் இருந்தால் போதும், மீதியை அந்தந்த ஊர் தன் கைச்சரக்கைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது.

அந்தக் கணத்தையும் விட்டுவிட்டு இந்தக் கதையைக் கையாண்டவர் ஒருவர் உண்டு. அவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கோவலன் செய்த நற்செயல்களை மாடலன் என்னும் மறையோன் அடுக்குகிறான். அதில் ஒன்று, கீரியைக் கொன்ற பார்ப்பனிக்குச் செய்த உதவி. ரத்த வாயும் இல்லை, பாம்போடு நடந்த சண்டையும் இல்லை. கேட்பவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்று கவிஞர் நம்பியிருக்கிறார்.

அவர் தொடங்குவதே மற்றவர்கள் முடிக்கும் இடத்தில். உன் கையால் இனி உண்பது தகாது என்று கணவன் வடக்கே கங்கையாடப் போய்விடுகிறான். போகுமுன் வடமொழி வாசகம் எழுதிய ஏடொன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அதை வைத்துக்கொண்டு வணிகர் தெருவில் வீடு வீடாக அவள் அரற்றுகிறாள். கோவலன் கூப்பிட்டு விசாரித்து, நூல் சொன்னபடி தானம் செய்து அவள் பாவத்தைப் போக்கி, கணவனையும் சேர்த்துவைக்கிறான். நான் படித்த வடிவங்களில் கொன்றவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டது இது ஒன்றுதான்.

இந்தப் பேச்சு நடக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மதுரையின் மதிலுக்கு வெளியே, கோவலன் சிலம்பு விற்க நகருக்குள் போவதற்குச் சற்று முன்பு. உள்ளே ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, கையில் சிலம்பு இருப்பதையே சான்றாகக் கொண்டு, பாண்டியன் விசாரிக்காமல் வெட்டச் சொல்லப்போகிறான். கீரியைக் கொன்றவளை மீட்டவன் தானே கீரியாகிச் சாகப்போகிறான். இந்த ஒப்புமையை இளங்கோ எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கீரிக் கதையையே சொல்லாமல் விட்டவர் இதை மட்டும் சொல்லிவிடுவாரா?